தங்கச்சி கையெழுத்து: விடுதலைப் பத்திரமா, பாகப்பிரிவினையா, வழக்கா?

அப்பாவின் கருமாதி முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். தாசில்தார் ஆபீசிலிருந்து வாரிசுச் சான்றிதழ் வந்திருக்கும். அப்புறம் அண்ணனிடமிருந்து ஒரு போன் வரும். "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்க. வர்ற புதன்கிழமை ஆதார் கார்டை எடுத்துக்கிட்டு ரிஜிஸ்தர் ஆபீஸ் வந்துடும்மா. ஒரு கையெழுத்துதான்." எதற்கு என்று கேட்டால், "பட்டா மாத்தத்தான்" என்பார். பட்டா மாற்றுவதற்கு யாரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ரேகை வைக்க வேண்டியதில்லை. அங்கே கூப்பிட்டால் அது பெரும்பாலும் உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம்தான்.

தமிழ்நாட்டில் மகளுக்குச் சொத்தில் சம பங்கு உண்டு என்பது இன்று தெரியாத வீடு இல்லை. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானமாக வந்தது, 1989-ல் தமிழ்நாட்டில் சட்டமானது, 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. சட்டம் வந்த வேகத்தில் நிலம் பெண்கள் பெயருக்கு வரவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்திய அளவில் சாகுபடி நில அலகுகளில் ஏறக்குறைய 14 சதவீதம்தான் பெண்கள் பொறுப்பில் இருந்தது. இதற்குக் காரணங்கள் பல உண்டு. நம் பக்கத்தில் முக்கியமான காரணம், பங்கு கைக்கு வருவதற்கு முன்பே அதை விட்டுக்கொடுத்து எழுதிவிடுவதுதான்.

ஏன் எழுதிக்கொடுக்கிறார்கள்? பாசம், பயம், "பொறந்த வீட்டுப் படி மிதிக்க வேணாமா" என்ற கவலை எல்லாம் உண்டு. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரியும் காரணம் வேறு. கையெழுத்துப் போடுவது, இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போவது என்று இரண்டே வழிதான் இருப்பதாக எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். கூடப்பிறந்தவன் மேல் கேஸ் போட மனசு வராதவர் பேனாவை எடுத்துவிடுகிறார். இடையில் இன்னும் மூன்று, நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம்.

முதலில் சொத்து என்ன வகை?

எந்த வழி நல்லது என்பது உங்கள் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. பங்கு எவ்வளவு என்பது சொத்தின் வகையைப் பொறுத்தது. கீழே சொல்வதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி. மற்றவர்களுக்குப் பின்னால் வருகிறேன்.

அப்பாவுக்கு நான்கு ஏக்கர். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். நிலம் அவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கியது என்றால் அம்மா, மகன், இரண்டு மகள்கள் நால்வருக்கும் ஆளுக்கு ஒரு ஏக்கர். கணக்கு முடிந்தது. நிலம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்து என்றால் கணக்கு வேறு. அப்பா, மகன், இரண்டு மகள்கள் நால்வரும் பிறப்பாலேயே பாகஸ்தர்கள், ஆளுக்கு ஒரு ஏக்கர். அப்பாவின் ஒரு ஏக்கர் மட்டும் அவர் இறந்த பிறகு அம்மா, மூன்று பிள்ளைகள் என்று நான்காகப் பிரியும். ஆக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஏக்கர் இருபத்தைந்து சென்ட், அம்மாவுக்கு இருபத்தைந்து சென்ட். பூர்வீகமாக இருந்தால் அம்மா கை எவ்வளவு சுருங்கிப்போகிறது பாருங்கள். அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பாதி வீடுகளில் மறந்தே போகிறார்கள்.

"தாத்தா சொத்து, அதனால் பூர்வீகம்" என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1956-க்குப் பிறகு தாத்தா தன் சுயசம்பாத்தியத்தை உயில் இல்லாமல் விட்டு இறந்திருந்தால், அதில் அப்பாவுக்கு வந்த பங்கு அப்பாவின் தனிச் சொத்துதான். 1980-களிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. தனிச் சொத்து என்றால் அப்பா யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதியிருக்கலாம், தான செட்டில்மெண்ட் செய்திருக்கலாம். அப்படி அண்ணனுக்கு முறையாக எழுதிவிட்டார் என்றால் உங்களுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. ஆகவே பேச்சைத் தொடங்கும் முன், அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். மூலப்பத்திரம் யார் பெயரில் எப்போது வந்தது என்பதுதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர்.

இன்னொரு தேதியும் நினைவில் இருக்கட்டும்: 2004 டிசம்பர் 20. 2005 திருத்தச் சட்டத்துக்கான மசோதா நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நாள் அது. அதற்கு முன்பே பதிவுசெய்த பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமோ பாகம் பிரிந்திருந்தால் 2005 சட்டத்தைக் காட்டி அதைக் கலைக்க முடியாது. இதனால்தான் சில வீடுகளில் திடீரென்று பழைய கூர்ச்சீட்டு (பதியாமல் வீட்டுக்குள் எழுதிக்கொண்ட பாகச் சீட்டு) ஒன்று முளைக்கிறது. "நாங்க 2002-லயே வாய்மொழியா பிரிச்சுக்கிட்டோம், இதோ பாருங்க." 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு நன்றாகவே கடிவாளம் போட்டது. வாய்மொழிப் பாகத்தைச் சாதாரணமாக ஏற்க முடியாது, அரசு ஆவணங்கள் துணை நிற்கும் அபூர்வமான சந்தர்ப்பத்தில்தான் ஏற்கலாம் என்றது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் அதே தீர்ப்பு தள்ளிவிட்டது. மகளுக்கு உரிமை பிறப்பால் வருவது, அப்பா இருந்தாரா இல்லையா என்பது கேள்வி இல்லை.

சும்மா எழுதிக்கொடுப்பது

விடுதலைப் பத்திரத்துக்குச் செலவு குறைவு. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகு அந்த வரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு 10,000. அரை மணி நேர வேலை. அண்ணனுக்கு இது ஏன் பிடிக்கிறது என்று புரியும்.

உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் திரும்பி வர வழியே இல்லை. பதிந்த பிறகு மனசு மாறினால் நீங்களாகப் போய் ரத்துப் பத்திரம் எழுதிவிட முடியாது. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று வழக்குப் போட்டுத்தான் ரத்து செய்ய வேண்டும். அதற்கும் விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பதை, பட்டம் வாங்கி வேலை பார்க்கும் ஒரு பெண் சொன்னால் எந்த நீதிபதியும் எளிதில் நம்பமாட்டார்.

பத்திரத்தின் வாசகத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பத்திர எழுத்தர்கள் ஒரே அச்சில் வார்த்துவைத்திருக்கும் வரி ஒன்று உண்டு: "எனது திருமணத்தின்போது நகைகளாகவும் சீர்வரிசையாகவும் எனக்குச் சேர வேண்டிய பங்கைப் பெற்றுக்கொண்டுவிட்டபடியால், இதனடியிற்கண்ட சொத்தில் எனக்கோ எனது வாரிசுகளுக்கோ இனி யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை." படிக்க வழக்கமான பத்திர நடை மாதிரி இருக்கும். ஆனால் சும்மா விட்டுக்கொடுத்தது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதை, விலை வாங்கிக்கொண்டு கொடுத்ததாக இந்த வரி மாற்றிவிடுகிறது. நாளைக்கு வழக்கு என்று வந்தால் "பிரதிபலன் பெற்றுக்கொண்டதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் காட்டுவது இதைத்தான். கல்யாணத்தில் பெற்றோர் விருப்பப்பட்டுப் போட்ட நகை உங்கள் சொந்தச் சொத்து, அதைச் சொத்துப் பங்கில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக் கொடுத்தது என்றால் அது வரதட்சணை, 1961-லிருந்து குற்றம். குற்றமாகக் கொடுத்ததை வரவு வைத்துப் பங்கைக் கழிப்பது விநோதமான கணக்கு. அண்ணன் கல்யாணத்துக்கு ஆன செலவை யாரும் அவர் பங்கில் கழித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பத்திரம் எழுதும்போதே அப்பா உயிரோடு இருக்கிறார் என்றால் சட்டம் வேறு மாதிரிப் போகும். அப்பாவின் தனிச் சொத்தில் மகளுக்கு இருப்பது ஒரு எதிர்பார்ப்புதான், அதை விடுதலை செய்து கொடுக்க முடியாது என்கிறது சொத்து மாற்றச் சட்டம். ஆனால் அதற்குப் பணம் வாங்கியிருந்தால் பின்னால் பங்கு கேட்க முடியாமல் போகலாம். 2023-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. "நகையாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற அந்த வரியைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும் என்பது இப்போது விளங்கும்.

யாருக்கு இந்த வழி சரி? உண்மையாகவே வேண்டாம் என்று நினைப்பவருக்குச் சரி. நீங்கள் வசதியாக இருக்கிறீர்கள், தம்பி மாற்றுத்திறனாளி, அல்லது அந்தக் கால் ஏக்கரை நம்பித்தான் அவன் குடும்பமே ஓடுகிறது என்றால் தாராளமாகக் கொடுங்கள். அப்போதும் அந்தச் சீர்வரிசை வரியை அடிக்கச் சொல்லிவிட்டு, "அன்பினால் பிரதிபலன் இல்லாமல்" என்று எழுதச் சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுவதில் அண்ணனுக்கு என்ன கஷ்டம்?

பணம் வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுப்பது

வெளியூரில் இருப்பவர்கள், ஊர் நிலத்தை வைத்து என்ன செய்வது என்று தெரியாதவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி இது. நிலம் பிரியாது, அண்ணன் தொடர்ந்து விவசாயம் பார்க்கலாம், உங்கள் பங்கும் உருப்படியாகக் கைக்கு வரும்.

சிக்கல் விலையில்தான். அண்ணன் அரசின் வழிகாட்டி மதிப்பை வைத்துப் பேசுவார். பக்கத்துக் காடு போன வருடம் என்ன விலைக்குப் போனது என்று நீங்கள் பேச வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு இடத்தில் முடியும், முடியட்டும். கூடப்பிறந்தவர்களிடம் கடைசி ரூபாய் வரை கறாராக நிற்க வேண்டியதில்லை. அப்பாவின் ஆஸ்பத்திரிக் கடனை அவர் அடைத்திருந்தால் அதைக் கழிப்பதும் நியாயம்தான்.

ஆனால் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் ரேகை. "இப்ப பாதி, அறுவடை முடிஞ்சு மீதி" என்று பேசிக்கொண்டு பத்திரத்தில் முழுப் பணமும் பெற்றுக்கொண்டதாக எழுதிக்கொடுத்த பெண்கள் நிறையப் பேர். மீதி வராவிட்டாலும் பத்திரம் செல்லும். பணத்துக்கு மட்டும் தனியாக அலைய வேண்டும். சார்பதிவாளர் "பணம் வாங்கிட்டீங்களாம்மா?" என்று கேட்பார். வாங்கவில்லை என்றால் வாங்கவில்லை என்றே சொல்லுங்கள். அந்த இடத்தில் தலையாட்டியதை அப்புறம் மாற்றிச் சொல்வது ரொம்பக் கஷ்டம். சொத்து டவுனில் மனையாகவோ வீடாகவோ இருந்தால் வருமான வரியும் வரலாம், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பாகம் பிரித்துக்கொள்வது

எல்லாரும் சம்மதித்தால் இதைவிடச் சுத்தமான வழி இல்லை. பதிவுசெய்த பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கும் குடும்பத்துக்குள் அதே 1 சதவீதத் தீர்வைதான், அதே உச்சவரம்புதான், ஆனால் ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனியாக. அப்புறம் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்து உங்கள் பெயரில் தனிப் பட்டா வந்துவிடும்.

பேச்சு எங்கே முறியும் என்றால், யாருக்கு எந்தப் பக்கம் என்பதில். ஒரு ஏக்கர் என்றால் எல்லா ஏக்கரும் ஒன்று இல்லை. ரோட்டு முகப்பு, கிணறு, மோட்டார், சர்வீஸ் கனெக்‌ஷன், தென்னை இருக்கும் பக்கம், தண்ணி ஏறாத மேட்டுப் பக்கம் எல்லாவற்றுக்கும் வேறு வேறு மதிப்பு. பெண் பங்கு என்றாலே வழி இல்லாத பின்பக்கத்தை ஒதுக்குவது ஊர் வழக்கம். பாகப் பத்திரத்தில் கிணற்று நீர் முறை எத்தனை நாளுக்கு ஒரு முறை, மோட்டார் ரிப்பேர் செலவு யாருக்கு எவ்வளவு, வண்டிப் பாதை எத்தனை அடி அகலம், எந்தப் பக்கமாக வருகிறது என்று எழுதாமல் விட்டால் ஏக்கர் கணக்கில் ஜெயித்து நிலத்தில் தோற்றுவிடுவீர்கள். ரோட்டுப் பக்கத்தை அண்ணன் எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடாகக் கொஞ்சம் பணமோ, கூடுதலாகப் பத்து சென்டோ கேட்கலாம்.

வீட்டைப் பிரிப்பது இன்னும் கடினம். முன்பு ஆண் வாரிசுகள் பிரிக்கக் கேட்டால்தான் குடியிருக்கும் வீட்டில் மகள் பங்கு கேட்க முடியும் என்று ஒரு பிரிவு இருந்தது. 2005-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் உரிமை வந்துவிட்டது என்பதற்காக இரண்டு அறையும் ஒரு திண்ணையும் உள்ள ஓட்டு வீட்டை மூன்றாகப் பிரிக்கவா முடியும்? வீட்டை அம்மா இருக்கும் வரை பிரிக்காமல் விட்டு நிலத்தை மட்டும் பிரித்துக்கொள்வது நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது.

உங்கள் பங்கை வெளியாளுக்கு விற்றுவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். விற்கலாம். ஆனால் அந்தப் பங்கை முதலில் வாங்கிக்கொள்ள மற்ற வாரிசுகளுக்குச் சட்டப்படி முன்னுரிமை உண்டு. வீட்டுப் பங்கை வாங்கிய வெளியாள் குடும்பத்தோடு சேர்ந்து குடியிருக்கக் கேட்கவும் முடியாது. இதெல்லாம் தெரிந்த எவரும் நல்ல விலைக்கு வாங்கமாட்டார். அப்படி வாங்க வருபவர் வழக்கமாக வில்லங்கச் சொத்து வாங்குவதையே தொழிலாக வைத்திருப்பவர். அவரிடம் போகாதீர்கள்.

அம்மா பெயருக்கு மாற்றுவது

இதை யாரும் யோசிப்பதே இல்லை. பங்கை விட்டுக்கொடுப்பதாக முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் அண்ணனுக்குப் பதிலாக அம்மாவுக்கு விடுதலை செய்து கொடுக்கலாமே? அப்பா போன பிறகு ஒவ்வொரு பிள்ளை வீட்டிலும் மூன்று மாதம் என்று பையைத் தூக்கிக்கொண்டு அலையும் அம்மாக்கள் எத்தனை பேர். பூர்வீகச் சொத்தில் அவருக்கு இருபத்தைந்து சென்ட்தான் என்று மேலே பார்த்தோம். பெண் பெயரில் வரும் சொத்து அவருக்கே முழு உரிமை என்கிறது சட்டத்தின் 14-ஆவது பிரிவு. கையில் நிலம் உள்ள அம்மாவுக்கு மருமகள் வைக்கும் காபியின் சூடே வேறாக இருக்கும்.

இதில் ஆபத்து என்ன என்றால், நாளைக்கே அம்மா அதை மகனுக்கு எழுதிவைத்துவிடலாம். பெரும்பாலும் அதுதான் நடக்கும். அதனால் மனம் நோகும் என்றால் இந்த வழி வேண்டாம். அம்மாவுக்குக் கொடுத்தது அம்மாவுடையது என்று இருக்க முடிந்தால் சரி. அம்மாவே பின்னால் மகனுக்கு எழுதும்போது, தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடச் சொல்லுங்கள். மகன் கவனிக்காவிட்டால் 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அது உதவும்.

கையெழுத்தும் இல்லை, கேஸும் இல்லை

"இப்ப வேணாம்ணா, அம்மா இருக்கற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்." இதைச் சொல்வதற்கு உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. கையெழுத்துப் போடாததால் எந்த உரிமையும் போய்விடாது. ஒரு பாகஸ்தர் அனுபவித்து வந்தால் அது எல்லாருக்காகவும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் பார்க்கும்.

ஆனால் சும்மா இருப்பது வேறு, கவனமாகச் சும்மா இருப்பது வேறு. வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மகளைச் சேர்க்காமலே விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அதை வைத்து எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா கேட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அண்ணன் பெயரில் மட்டும் பட்டா மாறிவிட்டது என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். வருடத்துக்கு ஒரு முறை வில்லங்கச் சான்று பாருங்கள். "உனக்கு இதில் பங்கே இல்லை" என்று அண்ணன் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், வக்கீல் நோட்டீசில் எழுதிவிட்டால், பங்கு கேட்டு வழக்குப் போடுவதற்கான பன்னிரண்டு வருடக் கெடு அன்றிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். அதுவரை பொறுமையாக இருக்கலாம், அதற்குப் பிறகு அந்தக் கெடுவுக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

அண்ணன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு பயிர்க்கடன் வாங்குவது, கிணறு ஆழப்படுத்தக் கடன் வாங்குவது எல்லாம் தலைவலிதான். எல்லார் சம்மதமும் கேட்பார்கள். காட்டில் இருபது வருடம் உழைத்தவருக்கு "எப்ப வேணா தங்கச்சி வந்து கேட்பா" என்ற நினைப்போடு முதலீடு செய்ய மனம் வராது. ஆகவே ஆறேழு வருடம் இழுப்பது யாருக்கும் நல்லது இல்லை. இந்த வழியை முடிவாக வைத்துக்கொள்ளாமல், பேசுவதற்கு அவகாசமாக வைத்துக்கொள்ளுங்கள். துக்க வீட்டில் எடுக்கும் முடிவை விடத் தலைத்திவசம் முடிந்து எடுக்கும் முடிவு தெளிவாக இருக்கும்.

கையெழுத்துக்குப் பதிலாக "பவர் மட்டும் குடு" என்று கேட்டால் அதற்கும் இதே பதில்தான். விற்கும் அதிகாரம் உள்ள பவர் பத்திரம் உங்களை உட்காரவைத்துவிட்டு உங்கள் பங்கை விற்க வழி செய்வது.

பாகப்பிரிவினை வழக்கு

கேஸ் போட்டால் ஜெயித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பெரும்பாலும் ஜெயிக்கத்தான் செய்வார்கள். அதற்கப்புறம்தான் வேலையே இருக்கிறது. முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை: உங்களுக்கு மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ உண்டு என்று அது சொல்லும். எந்த மூன்றில் ஒன்று என்று சொல்லாது. அதற்கு இறுதித் தீர்ப்பாணைக்கு மறுபடி மனுப் போட வேண்டும். வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு வந்து அளந்து வரைபடம் கொடுப்பார். அதற்கு அண்ணன் ஆட்சேபணை கொடுப்பார். அப்புறம் மேல்முறையீடு. அப்புறம் நிறைவேற்று மனு. இதற்குள் அண்ணன் பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகளும் கல்யாணப் பத்திரிகை வைக்காத உறவாகிவிடுவார்கள்.

செலவு எவ்வளவு என்பதை வழக்கின் ஒரு வரி தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37-ஆவது பிரிவில் இரண்டு பாதை. சொத்தில் நீங்களும் கூட்டு அனுபவத்தில் இருக்கிறீர்கள் என்றால் சிறிய நிலைக்கட்டணம் கட்டினால் போதும். உங்களை வெளியேற்றிவிட்டார்கள், அனுபவத்தில் இல்லை என்றால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் சதவீதக் கணக்கு. 2017 வரை அது 7.5 சதவீதமாக இருந்தது, அப்புறம் 3 ஆகக் குறைத்தார்கள். 50 லட்ச ரூபாய்ப் பங்குக்கு 3 சதவீதம் என்றாலும் ஒன்றரை லட்சம். நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது கோபத்தில் "எங்களை விரட்டிவிட்டீர்கள், பத்து வருடமாக உள்ளேயே விடவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கோபத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டிவரும், கெடுவும் ஓடத் தொடங்கும்.

அப்படியானால் வழக்கே வேண்டாமா? மூன்று சந்தர்ப்பத்தில் தயங்காமல் போட வேண்டும் என்பேன். அண்ணன் சொத்தை விற்க ஆள் பார்க்கிறார். போலி உயிலோ பழைய தேதியிட்ட கூர்ச்சீட்டோ கிளம்பியிருக்கிறது. பங்கே இல்லை என்று எழுத்தில் மறுத்துவிட்டார். விற்கப் பார்க்கிறார் என்றால் ஒரு நாளும் தள்ளக் கூடாது, வழக்கோடு தடையுத்தரவும் கேளுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்பதால் பாதி வாங்குபவர்கள் விலகிவிடுவார்கள்.

வக்கீல் செலவுக்குப் பயந்து ஒதுங்குபவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். வழக்குப் போடாமலே அங்கே மனுக் கொடுத்து அண்ணனைப் பேச அழைக்கச் சொல்லலாம். போட்ட வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அந்தச் சமரசத்துக்கு மேல்முறையீடும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசுவதை விட இங்கே பேசுவது பெண்ணுக்கு நல்லது. ஊர்ப் பெரியவர்களில் பாதிப் பேர் தங்கள் தங்கைகளிடம் எழுதி வாங்கியவர்கள்தானே.

எதை எடுப்பது?

உள்ளூரிலோ பக்கத்து ஊரிலோ இருந்து நிலத்தைப் பார்த்துக்கொள்ள முடியும் என்றால் பாகப்பிரிவினை. சென்னையிலோ துபாயிலோ இருக்கிறீர்கள், திரும்பி வரும் எண்ணம் இல்லை என்றால் பணம் வாங்கிக்கொண்டு விடுதலை. அம்மாவின் நிலைமை கவலையாக இருக்கிறது, பணமும் தேவை இல்லை என்றால் அம்மா பெயருக்கு. இப்போது எதையும் முடிவு செய்ய மனம் ஒப்பவில்லை என்றால் கூட்டுப் பட்டா போட்டுவிட்டு ஒரு வருடம் காத்திருப்பது. கணவர் வீட்டார் தூண்டிவிட்டுப் பங்கு கேட்கும் நிலைமை என்றால் அதையும் கொஞ்சம் யோசியுங்கள். வரும் பணம் உங்கள் கணக்குக்கு வருமா, மாமனார் கடனுக்குப் போகுமா என்று தெரியாமல் அண்ணனோடு சண்டை போட வேண்டாம்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, பூர்வீகம், சுயம் என்ற பேச்சே இல்லை. இஸ்லாமியக் குடும்பங்களில் மகளுக்கு மகன் பங்கில் பாதி, ஆனால் தகப்பன் உயிலால் அதைப் பறிக்க முடியாது. இரண்டு வீடுகளிலும் "ஒரு கையெழுத்துதான்" என்ற போன் மட்டும் அப்படியேதான் வருகிறது, மேலே சொன்ன வழிகளும் ஏறக்குறைய அப்படியேதான் பொருந்தும்.

பங்கு கைக்கு வந்தவர்கள் அடுத்து செய்ய வேண்டிய வேலை ஒன்று, தங்கள் பெயரில் ஒரு உயில். இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லை என்றால், அப்பா அம்மாவிடமிருந்து வந்த சொத்து கணவருக்குப் போகாது, அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பும். அதாவது பெரும்பாலும் அதே அண்ணனுக்கு. அது உங்களுக்குச் சம்மதம் என்றால் சும்மா இருங்கள். கணவருக்கோ, அக்கா மகளுக்கோ, வளர்த்த பிள்ளைக்கோ போக வேண்டும் என்றால் இரண்டு சாட்சிகளை வைத்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுங்கள்.